முடிவு காணாத அரையிறுதி

வாசிக்கும் முன்

உங்கள் பள்ளிக் குழு வெளியூருக்குப் போட்டிக்குச் சென்ற அனுபவம் உண்டா? பேருந்துப் பயணத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன பேசினீர்கள் என்பதை நண்பரிடம் கூறுங்கள். பின்னர், கீழ்க்காணும் பகுதியை வாசியுங்கள்.

பனி நிலத்தின் விளையாட்டு

கனடா நாட்டின் மேற்குப் பகுதியில் சஸ்காச்சுவான் என்றொரு மாநிலம் உள்ளது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கோதுமை வயல்களும் கடுகு இனப் பயிர்களும் விளையும் சமவெளி அது. நாம் வாழும் நாட்டில் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான். அங்கோ குளிர்காலத்தில் குளங்கள் கல்போல உறைந்துவிடும். உறைந்த குளத்தின்மீது சறுக்குக் காலணி அணிந்து விளையாடத் தொடங்கும் சிறுவர்களே பிற்காலத்தில் பனி ஹாக்கி விளையாட்டாளர்களாக உருவாகிறார்கள்.

பனி ஹாக்கி, நாம் திடலில் காணும் ஹாக்கியிலிருந்து மாறுபட்டது. இதில் பந்து இல்லை. கெட்டியான ரப்பரால் செய்யப்பட்ட தட்டையான வட்டு உண்டு. ஒரு குழுவில் ஒரே நேரத்தில் அறுவர் மட்டுமே பனித்தரையில் இருப்பர். ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறும். மிக வேகமான விளையாட்டு என்பதால், ஒரு நிமிடம்கூட ஆகாத இடைவெளியில் விளையாட்டாளர்கள் மாறி மாறி இறங்குவார்கள். எனவே, ஒருவர் மட்டும் சிறந்து விளங்கினால் போதாது. குழு முழுவதும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்க வேண்டும்.

சிற்றூரும் அதன் குழுவும்

ஹம்போல்ட் என்பது சஸ்காச்சுவான் மாநிலத்தின் சிறு நகரங்களுள் ஒன்று. ஏறத்தாழ 6,000 பேர் மட்டுமே அங்கு வாழ்கின்றனர். அந்நகரின் இளையோர் குழுவின் பெயர் 'ஹம்போல்ட் பிராங்கோஸ்'. 1970ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அக்குழு, சஸ்காச்சுவான் இளையோர் ஹாக்கி லீக்கில் விளையாடி வருகிறது. 2003, 2008 ஆகிய ஆண்டுகளில் அது தேசிய அளவிலும் வெற்றியாளர் பட்டத்தைக் கைப்பற்றியது. அது எந்தச் செல்வந்தருக்கும் சொந்தமானது அன்று. ஊர் மக்களே அதன் உரிமையாளர்கள்.

இந்த லீக்கில் விளையாடுவோர் 16 வயது முதல் 21 வயதுக்கு உட்பட்ட இளைஞர்கள். அவர்களுள் பலர் ஆல்பர்ட்டா, மனித்தோபா போன்ற அண்டை மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். சொந்த வீட்டை விட்டு வந்த பிள்ளைகளை ஹம்போல்ட் நகரின் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் ஏற்றுக்கொள்கின்றன. அவர்களுக்குத் தனி அறை தந்து, உணவு சமைத்துப் போட்டு, நோயுற்றால் பார்த்துக்கொள்கின்றன. வளர்ப்புப் பெற்றோரைப் போன்ற இந்தக் குடும்பங்கள் இல்லையென்றால் இளையோர் லீக்கே இல்லை எனலாம். உள்ளூர்ப் பள்ளி, அங்காடி, உணவகம் எனத் திரும்பிய இடமெல்லாம் அந்த இளைஞர்களை ஊரார் பெயர் சொல்லி அழைப்பார்கள். ஆட்டம் நடைபெறும் இரவுகளில் எல்கர் பீட்டர்சன் அரங்கத்தில் ஊரே திரண்டிருக்கும்.

குழுவின் தலைமைப் பயிற்றுநர் டார்சி ஹாகன். 2015ஆம் ஆண்டு பொறுப்பேற்ற அவர், வெற்றியைவிட நல்ல மனிதர்களை உருவாக்குவதே முதல் வேலை என்று கருதினார். குழு கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளைப் பட்டியலிட்டு வைத்திருந்தார். குடும்பத்துக்கே முதலிடம், பிறரை மதித்து நடத்தல், நன்றியுணர்வு, நேர்மை ஆகியவை அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தன. கோல் அடிப்பது பற்றிய நெறி முதலில் வரவில்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

2017/2018 பருவம்

அந்தப் பருவத்தில் லீக்கில் 12 குழுக்கள் பங்கேற்றன. அவற்றுள் ஒன்றான ஃபிலின் ஃபிலோன், மாநில எல்லையைக் கடந்து மனித்தோபாவில் உள்ளது. ஒவ்வொரு குழுவும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் விளையாட வேண்டும். ஊர்களுக்கு இடைப்பட்ட தூரமோ அதிகம். ஆகவே, இளையோர் லீக்கில் விளையாடுபவரின் வாழ்க்கையில் பேருந்துக்கும் பெரும்பங்கு உண்டு. பனி கொட்டும் இரவுகளில் நீண்ட நெடுஞ்சாலைகளில் செல்லும்போது அவர்கள் உறங்குவார்கள், பாட்டுக் கேட்பார்கள், பாடங்களைப் படிப்பார்கள், ஒருவரை ஒருவர் கேலி செய்து சிரிப்பார்கள். முகமறியாத இளைஞர்கள் சகோதரர்களாக மாறுவது பெரும்பாலும் அந்தப் பேருந்தில்தான்.

2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியேற்றுச் சுற்றுகள் தொடங்கின. ஒற்றுமையைக் காட்டும் வகையில் பிராங்கோஸ் இளைஞர்கள் தங்கள் தலைமுடிக்குப் பொன்னிறச் சாயம் பூசிக்கொண்டனர். முதலில் அவர்கள் மெல்ஃபோர்ட் மஸ்டாங்ஸ் குழுவை வென்றனர். அரையிறுதியில் அவர்களை எதிர்கொண்டது நிப்பாவின் ஹாக்ஸ் குழு.

ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடரில் எந்தக் குழு முதலில் நான்கு வெற்றிகளைப் பெறுகிறதோ அதுவே இறுதிச் சுற்றுக்குச் செல்லும். நான்காம் ஆட்டம் ஹம்போல்ட்டில் நடைபெற்றது. வழக்கமான அறுபது நிமிடங்கள் முடிந்தும் இரு குழுக்களும் சமநிலையில் இருந்தன. கூடுதல் நேரம் வழங்கப்பட்டது, முடிவில்லை. மீண்டும் கூடுதல் நேரம், முடிவில்லை. மூன்றாவது கூடுதல் நேரத்தில்தான் ஹாக்ஸ் குழு வெற்றிக் கோலை அடித்தது. தொடரில் அக்குழு 3–1 என முன்னிலை பெற்றது. இனி ஓர் ஆட்டத்தில் தோற்றாலும் பிராங்கோஸ் குழுவின் பருவம் முடிந்துவிடும். ஆயினும், அவர்கள் நம்பிக்கை இழக்கவில்லை. ஐந்தாம் ஆட்டத்துக்காக நிப்பாவின் நகரை நோக்கிப் புறப்பட்டனர்.

ஏப்ரல் 6

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 6, வெள்ளிக்கிழமை. பேருந்தில் 29 பேர் இருந்தனர். விளையாட்டாளர்களோடு பயிற்றுநர்கள், மருத்துவ உதவியாளர், வானொலி வருணனையாளர், புள்ளிவிவரம் குறிக்கும் 18 வயது இளைஞர், ஓட்டுநர் ஆகியோரும் பயணம் செய்தனர். இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம் அது. பேருந்து 35ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது.

டிஸ்டேல் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் அந்தச் சாலையை 335ஆம் எண் நெடுஞ்சாலை குறுக்கே வெட்டுகிறது. குறுக்குச் சாலையில் வருபவர்கள் கட்டாயமாக நிற்க வேண்டும். அதற்கான அறிவிப்புப் பலகையும் அதன்மேல் மின்னும் சிவப்பு விளக்கும் அங்கு இருந்தன. மாலை ஏறத்தாழ 5 மணிக்கு, இரண்டு இணைப்பு வண்டிகளை இழுத்து வந்த கனவுந்து ஒன்று அந்தப் பலகையைக் கடந்து, நிற்காமல் சந்திப்புக்குள் நுழைந்தது. பேருந்து ஓட்டுநர் வேகத்தடையை அழுத்தினார். ஆனால், இடைவெளி போதவில்லை. பேருந்து கனவுந்தின்மீது மோதியது.

இந்த விபத்தில் 16 பேர் உயிரிழந்தனர். 13 பேர் காயமடைந்தனர். இறந்தவர்களுள் பதின்மர் விளையாட்டாளர்கள். பயிற்றுநர் டார்சி ஹாகனும் உயிர் நீத்தார்.

ஐந்தாம் ஆட்டத்தைக் காண்பதற்காகப் பல பெற்றோர்கள் தங்கள் மகிழுந்துகளில் நிப்பாவினுக்குச் சென்றுகொண்டிருந்தனர். அவர்கள் அந்நகரின் தேவாலயம் ஒன்றில் கூடி, செய்திக்காகக் காத்திருந்தனர். அன்றைய இரவு எத்தனை நீண்டதாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். எதிரணியின் ஊரான நிப்பாவின், அன்றிரவு அவர்களுக்குத் தோள் கொடுத்தது. போட்டி அரங்கில் 'எதிரணி' என்று நாம் சொல்வது வெறும் ஆட்ட நேரத்துக்கான சொல்தான் என்பதை அந்த ஊர் மெய்ப்பித்தது.

வாசலில் வைக்கப்பட்ட மட்டைகள்

இரண்டு நாள்களுக்குப் பின், ஏப்ரல் 8 அன்று, எல்கர் பீட்டர்சன் அரங்கத்தில் அஞ்சலிக் கூட்டம் நடைபெற்றது. கனடாவின் அன்றைய பிரதமர் ஜஸ்டின் துருடோ மக்களோடு மக்களாக அமர்ந்திருந்தார். வழக்கமாக ஆரவாரம் ஒலிக்கும் அரங்கத்தில் அன்று விம்மல் மட்டுமே கேட்டது.

துயரம் ஹம்போல்ட்டோடு நிற்கவில்லை. நாடெங்கும் மக்கள் தங்கள் வீட்டு வாசலில் ஹாக்கி மட்டைகளைச் சாய்த்து வைத்தனர். சில வீடுகளில் அவற்றின் அருகே விளக்கையும் எரியவிட்டனர். மறைந்த இளைஞர்கள் எங்கேனும் விளையாடப் போகும் வழியில் மட்டை தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்பதே அதன் பொருள். ஏப்ரல் 12 அன்று பள்ளி மாணவர்களும் அலுவலக ஊழியர்களும் விளையாட்டுச் சட்டை அணிந்து சென்றனர். வின்னிபெக், சிக்காகோ ஆகிய நகரங்களின் தொழில்முறைக் குழுக்கள் மோதிய ஆட்டத்தில், விளையாட்டாளர்கள் தங்கள் முதுகில் சொந்தப் பெயருக்குப் பதிலாகப் 'பிராங்கோஸ்' என்ற பெயரைத் தாங்கி விளையாடினர்.

மருத்துவமனையில் எடுக்கப்பட்ட ஒரு படம் உலகெங்கும் பரவியது. காயமடைந்த மூன்று இளைஞர்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் படுத்தபடி ஒருவர் கையை ஒருவர் பற்றியிருந்தனர். ஆயிரம் சொற்களால் சொல்ல இயலாததை அந்தப் படம் சொல்லிற்று.

இணையம்வழி நன்கொடை திரட்டும் முயற்சியும் தொடங்கியது. இரு வாரங்களுக்குள் 15 மில்லியன் கனடிய டாலருக்கும் மேல் சேர்ந்தது. ஏறத்தாழ 80 நாடுகளைச் சேர்ந்த மக்கள் அதற்குப் பணம் அனுப்பினர். பின்னர் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு, இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 525,000 டாலரும் உயிர் பிழைத்த ஒவ்வொருவருக்கும் 475,000 டாலரும் வழங்கப்பட்டன. பணம் இழப்பை ஈடுசெய்யாது. ஆயினும், பல ஆண்டுகள் நீளும் சிகிச்சைக்கு அது உதவியது.

இதற்கு முன்பும் இப்படியொரு துயரத்தைச் சஸ்காச்சுவான் கண்டிருக்கிறது. 1986 டிசம்பரில் சுவிஃப்ட் கரன்ட் நகரின் இளையோர் குழு சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகி, நால்வர் மாண்டனர். அன்று உயிர் தப்பியவர்களுள் சிலர், முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, ஹம்போல்ட் இளைஞர்களை நேரில் வந்து சந்தித்தனர். அதே வலியை அனுபவித்தவரின் ஆறுதலுக்குத் தனி வலிமை உண்டு அல்லவா?

ஆட்டத்தைத் தொடரலாமா?

லீக் நிர்வாகத்தின்முன் கடினமான கேள்வி ஒன்று எழுந்தது. பருவத்தை அப்படியே நிறுத்திவிடுவதா? அல்லது, இறுதிச் சுற்றை நடத்துவதா? நிறுத்துவதே மறைந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் உயிருக்கு உயிராக நேசித்த விளையாட்டை நடத்துவதே உண்மையான அஞ்சலி என்று வேறு சிலர் எண்ணக்கூடும். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு.

முடிவில், இறுதிச் சுற்றை நடத்துவதென்று தீர்மானிக்கப்பட்டது. நிப்பாவின் ஹாக்ஸ் குழுவும் எஸ்டெவன் புரூயின்ஸ் குழுவும் மோதின. விபத்து நிகழ்ந்து எட்டு நாள்கள் கழித்து, ஏப்ரல் 14 அன்று, முதல் ஆட்டம் தொடங்கியது. தொடர் ஏழாம் ஆட்டம் வரை நீண்டது. நிப்பாவின் ஹாக்ஸ் வெற்றிக் கிண்ணத்தைத் தட்டிச் சென்றது. அந்த ஆண்டின் பதிவேட்டில் வெற்றியாளரின் பெயர் இருக்கிறது. ஆனால், அரையிறுதியின் ஐந்தாம் ஆட்டம் மட்டும் என்றும் விளையாடப்படவில்லை.

லோகன் விட்டுச்சென்ற கொடை

மறைந்த விளையாட்டாளர்களுள் ஒருவர் லோகன் புலே. ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்தவர், வயது 21. அவருக்கு உடற்பயிற்சி அளித்து வந்தவர் ரிக் சக்கிட் என்னும் ரக்பி பயிற்றுநர். 2017ஆம் ஆண்டு சக்கிட் திடீரென மறைந்தபோது, அவருடைய உறுப்புகள் ஆறு பேருக்கு வாழ்வளித்தன. அச்செய்தி லோகனின் உள்ளத்தைத் தொட்டது. தாமும் உறுப்புகளைத் தானம் செய்யப் போவதாகத் தம் பெற்றோரிடம் கூறினார். 21 வயது நிறைந்ததும் பதிவும் செய்துகொண்டார்.

ஒரு சில வாரங்களிலேயே அந்த விபத்து நிகழ்ந்தது. அவர் பிழைக்க மாட்டார் என்று மருத்துவர்கள் கூறியபோது, பெற்றோருக்கு மகனின் விருப்பம் என்னவென்று தெரிந்திருந்தது. அவர்கள் தயங்கவில்லை. லோகனின் உறுப்புகள் ஆறு பேருக்குப் பொருத்தப்பட்டன.

இச்செய்தி வெளியானதும் கனடா மக்கள் ஆயிரக்கணக்கில் உறுப்புதானம் செய்யப் பதிவு செய்தனர். அடுத்த சில வாரங்களில் பதிவு செய்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ 150,000. இதனை 'லோகன் புலே விளைவு' என்று அழைக்கின்றனர். இன்று ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 7ஆம் நாள் 'பச்சைச் சட்டை நாள்' எனக் கனடாவில் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று மக்கள் பச்சைச் சட்டை அணிவதோடு, உறுப்புதானம் பற்றிய தங்கள் விருப்பத்தைக் குடும்பத்தாரிடம் பேசுகிறார்கள். சக்கிட் ஏற்றிய விளக்கிலிருந்து லோகன் தம் விளக்கை ஏற்றினார். லோகனின் விளக்கிலிருந்து எத்தனையோ பேர் ஏற்றிக்கொண்டனர்.

பிழையும் பொறுப்பும்

கனவுந்து ஓட்டுநர் பணியில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவருக்குக் கிடைத்த பயிற்சியும் குறைவு. இணைப்பு வண்டியில் சரக்கை மூடியிருந்த விரிப்பு காற்றில் அடித்துக்கொண்டிருந்ததால், அதன்மீது கவனம் செலுத்தி, சாலையோர எச்சரிக்கைப் பலகைகளைக் கவனிக்கத் தவறினார் என்பது விசாரணையில் தெரியவந்தது. அவர் வழக்கை நீட்டிக்க விரும்பவில்லை. 29 குற்றச்சாட்டுகளையும் ஒப்புக்கொண்டார். 2019 மார்ச்சில் அவருக்கு எட்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

நீதிமன்றத்தில் அவர் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். சிலர் மன்னித்தனர், மகனை இழந்த தந்தை ஒருவர் அவரைக் கட்டி அணைத்துக்கொண்டார். வேறு சிலரால் மன்னிக்க இயலவில்லை. யாரையும் நாம் குறைகூற முடியாது. மன்னிப்பு என்பது கேட்டவுடன் கொடுத்துவிடக்கூடிய பொருள் அன்று.

ஒருவரைத் தண்டிப்பதோடு சிக்கல் தீர்ந்துவிடுமா? அதே சந்திப்பில் 1997ஆம் ஆண்டிலும் ஒரு விபத்து நேர்ந்து, அறுவர் உயிரிழந்திருந்தனர். ஆகவே, சாலையும் சட்டமும் திருத்தப்பட வேண்டும் என்று குடும்பங்கள் குரல் கொடுத்தன. சஸ்காச்சுவானில் 2019 மார்ச் முதல், பெரிய கனவுந்து ஓட்ட உரிமம் பெற விரும்புவோர் குறைந்தது 121.5 மணி நேரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கனடாவில் 2020 செப்டம்பர் முதல் புதிதாகத் தயாரிக்கப்படும் நெடுஞ்சாலைப் பேருந்துகளில் இருக்கைவார் கட்டாயமாக்கப்பட்டது. அந்தச் சந்திப்பில் எதிர்வரும் வாகனங்கள் தெளிவாகத் தெரியவும், ஓட்டுநரை முன்கூட்டியே எச்சரிக்கவும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. இந்த மாற்றங்கள் சற்று முன்னரே வந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மீண்டும் பனித்தரையில்

2018 செப்டம்பர் 12. புதிய பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு எல்கர் பீட்டர்சன் அரங்கம் நிறைந்திருந்தது. பிராங்கோஸ் குழுவை எதிர்த்து விளையாட வந்தது வேறு யாருமல்ல. அதே நிப்பாவின் ஹாக்ஸ். ஏறக்குறைய முற்றிலும் புதிய முகங்கள். பழைய குழுவிலிருந்து, பேருந்தில் இருந்து உயிர் பிழைத்த இருவர் மட்டும் அன்று மீண்டும் களமிறங்கினர். ஆட்டத்தில் ஹாக்ஸ் 2–1 என்ற கோல் கணக்கில் வென்றது. ஆனால், அன்றிரவு அரங்கத்தில் இருந்தவர்களுக்குத் தோல்வி பெரிதாகத் தெரியவில்லை. ஆட்டம் முடிந்த பின்னும் யாரும் கலைந்து செல்லாமல், பேருந்தில் பயணம் செய்த 29 பேரையும் நினைவுகூர்ந்தனர்.

உயிர் பிழைத்தவர்களின் வாழ்க்கை ஒரே மாதிரி அமையவில்லை. சிலர் ஹாக்கிக்குத் திரும்பினர். சிலரால் திரும்ப இயலவில்லை. ரயன் ஸ்ட்ராஷ்னிட்ஸ்கி மார்புக்குக் கீழ் உணர்விழந்தார். 2019ஆம் ஆண்டு இறுதியில் அவர் சிகிச்சைக்காக நம் வட்டாரத்தில் உள்ள பேங்காக் நகருக்கு வந்து, முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அமர்ந்தபடியே சறுக்குப் பலகையில் விளையாடும் ஹாக்கியையும் பழகினார்.

கோல் காவலராக இருந்த ஜேக்கப் வாசர்மன், ஹம்போல்ட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். இடுப்புக்குக் கீழ் செயலிழந்த அவர், பின்னர் படகோட்டத்தில் ஈடுபட்டார். சமவெளியில் வளர்ந்து, பனித்தரையில் ஓடிய இளைஞருக்குத் தண்ணீர் புதிய களம். ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்தார். 2024ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக் போட்டியில், கனடாவைப் பிரதிநிதித்துத் தனிநபர் படகோட்டப் பிரிவில் துடுப்பு வலித்தார்.

ஒரு பருவத்தின் கதையை எழுதுபவர்கள் வழக்கமாக வெற்றி தோல்விகளையும் கோல் எண்ணிக்கையையும் பட்டியலிடுவார்கள். 2017/2018 பருவத்துக்கும் அப்படியொரு பட்டியல் உண்டு. ஆனால், அதில் அடங்காதவை பல. வாசலில் சாய்த்து வைத்த மட்டை, பக்கத்துக் கட்டிலுக்கு நீண்ட கை, ஆறு பேருக்குள் துடித்துக்கொண்டிருக்கும் வாழ்வு ஆகியவை எந்தப் புள்ளிப்பட்டியலிலும் இல்லை.

இன்றும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஹம்போல்ட் நகரிலிருந்து ஒரு பேருந்து புறப்படுகிறது. அதில் இளைஞர்கள் உறங்குகிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், கேலி பேசிச் சிரிக்கிறார்கள். ஊரார் கையசைத்து வழியனுப்புகிறார்கள். அவர்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்ற வேண்டுதல், வெற்றி பெற வேண்டும் என்ற வேண்டுதலுக்கு முன்னே நிற்கிறது.

சொற்பொருள்

கனவுந்து – பெருஞ்சுமை ஏற்றிச் செல்லும் வண்டி
வெளியேற்றுச் சுற்று – தோற்கும் குழு போட்டியிலிருந்து விலகும் சுற்று
வருணனையாளர் – ஆட்டத்தை நேரடியாக விவரித்துக் கூறுபவர்
தோள் கொடுத்தல் – துன்பத்தில் துணை நிற்றல்
இருக்கைவார் – வாகனத்தில் பாதுகாப்புக்காக அணியும் பட்டை
துடுப்பு வலித்தல் – துடுப்பை இழுத்துப் படகைச் செலுத்துதல்

கருத்துணர் கேள்விகள்

1. ஹம்போல்ட் நகரின் குடும்பங்கள் வெளியூர் விளையாட்டாளர்களுக்கு எவ்வாறு உதவின?

2. பயிற்றுநர் டார்சி ஹாகனின் நெறிகளிலிருந்து அவருடைய பண்புநலனைப் பற்றி நீ அறிவது என்ன?

3. 'எதிரணி என்று நாம் சொல்வது வெறும் ஆட்ட நேரத்துக்கான சொல்தான்.' இக்கூற்றை நிப்பாவின் நகரம் எவ்வாறு மெய்ப்பித்தது?

4. லோகன் தம் விருப்பத்தைப் பெற்றோரிடம் முன்னரே கூறியிருந்தது ஏன் முக்கியமானதாக அமைந்தது?

5. விபத்துக்குப் பின் ஏற்பட்ட இரண்டு சட்ட மாற்றங்களைக் குறிப்பிடுக. அவை எந்தெந்தக் குறைகளைக் களைய முற்படுகின்றன?

6. லீக் நிர்வாகத்தில் நீ ஓர் உறுப்பினராக இருந்திருந்தால், இறுதிச் சுற்றை நடத்த இணங்கியிருப்பாயா? தக்க காரணங்களோடு ஒரு பத்தியில் எழுதுக.

கலந்துரையாடுக

'தவறு செய்தவரைத் தண்டித்தால் மட்டும் போதுமா? அல்லது, தவறு நேர இடமளித்த சூழலையும் மாற்ற வேண்டுமா?' பள்ளிப் பேருந்துப் பயணங்களின் பாதுகாப்பை மனத்திற்கொண்டு குழுவில் கலந்துரையாடி, உங்கள் முடிவை வகுப்பில் படைத்திடுக.